நாலு கம்பி முட்டியோடு ஆறு வருடம்

போன வாரம் என் செயற்கைக் காலின் முட்டிக்குப் புது புஷ், அதாவது ஊசி சுழலும் வளையம், போட்டுக்கொண்டு வந்தேன். ஆறு வருடத்தில் இது இரண்டாவது தடவை. மறுநாளே ஒரு தம்பி போன் செய்தான். பயிற்சி அறையில் பழக்கமானவன். கால் எடுத்து நாலு மாதம் ஆகிறது, சாக்கெட்டுக்கு, அதாவது எஞ்சிய தொடையை நுழைக்கும் கூட்டுக்கு, அளவு எடுத்துவிட்டார்கள். “அண்ணே, ஃபோர் பார் முட்டி போட்டுக்கவா, இல்ல ஹைட்ராலிக் போகவா? நீங்கதான் இத்தனை வருஷமா நடக்கிறீங்களே, சொல்லுங்க” என்றான். அரை மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகு பாதிதான் சொன்ன மாதிரி இருந்தது. மீதி இது.

எனக்கு இடது கால், முட்டிக்கு மேலே எடுத்தது. போட்டிருப்பது சாதாரண நாலு கம்பி முட்டி, தம்பி சொன்ன ஃபோர் பார் இதுதான்: நாலு கம்பிகளை நாலு ஊசிகளால் கோத்தது. வீச்சைக் கட்டுப்படுத்த ஓர் உராய்வுத் திருகு, கால் முன்னால் வர உதவ ஒரு ஸ்பிரிங். சார்ஜ் கிடையாது, சென்சார் கிடையாது. எடை எவ்வளவு, எத்தனை டிகிரி மடங்கும் என்பதெல்லாம் கேட்லாக்கிலேயே இருக்கிறது.

புஷ் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எட்டு மாதத்துக்கு முன் குதிகால் தரையில் படும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. பிறகு கால் ஊன்றும்போது பாதம் ஒரு நூல் நகர்ந்த பிறகுதான் நிற்பதுபோல் இருந்தது. கால் செய்து கொடுத்த இடத்துக்குப் போனேன். சாக்கெட் தளர்ந்திருக்கிறது என்றார்கள், எஞ்சிய தொடைமேல் கூடுதலாக ஒரு சாக்ஸ் போடச் சொன்னார்கள். போட்டேன். சத்தம் போகவில்லை. இரண்டாவது தடவை அலைன்மென்ட், அதாவது பாகங்கள் பொருந்தியிருக்கும் கோணம், பார்த்தார்கள். மூன்றாவது தடவைதான் ஒருவர் முட்டியைக் கழற்றி ஊசிகளை உருவினார். வட்டமாக இருக்க வேண்டிய புஷ் ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது. தேய்மானம் முழுக்க ஒரே பக்கம். எடை எப்போதும் ஒரே திசையிலிருந்து ஏறுவதால் அப்படித்தான் தேயும். மூன்று தடவை அலைந்த ஆத்திரம் எனக்கு இருக்கிறது. ஆனாலும் முழுப் பழியையும் அவர்கள் மேல் போட மனம் வரவில்லை. மேஜையில் வைத்துக் கையால் அசைத்தால் அந்த ஆட்டம் தெரியவே தெரியாது. எடை ஏறினால்தான் தெரியும்.

இவ்வளவு சின்னத் தேய்மானம் ஏன் இவ்வளவு தொந்தரவு செய்கிறது? ஊசிகளுக்கு இடையில் நாலைந்து சென்டிமீட்டர்தான் இடைவெளி. அங்கிருந்து பாதம் நாற்பது சென்டிமீட்டருக்கும் கீழே இருக்கிறது. மேலே அரை மில்லிமீட்டர் ஆட்டம் வந்தால் பாதத்தில் அது அரை சென்டிமீட்டர். ரோபோக் கையில் தோள்பட்டை கியரில் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் நுனியிலிருக்கும் பிடிப்பான் எங்கேயோ போய் நிற்கும் என்று ரோபோ படிக்கிற என் அக்கா மகன் சொல்வான். அதே கணக்குதான்.

அவன்தான் எனக்கு இன்னொரு கணக்கையும் போட்டுக் காட்டினான். ஒரு தளத்தில் கட்டில்லாமல் கிடக்கிற கம்பிக்கு மூன்று விதமான அசைவு உண்டு: இப்படி அப்படி, மேலே கீழே, அப்புறம் சுழற்சி. நாலு கம்பியில் ஒன்று சாக்கெட்டோடு இறுகிவிட்டது, மிச்சம் மூன்று. மூன்று மூன்றாக ஒன்பது அசைவு. ஒவ்வொரு ஊசியும் இரண்டு அசைவைப் பறித்துக்கொள்ளும். நாலு ஊசி, எட்டு போச்சு. மிஞ்சுவது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுதான் என் முட்டி மடங்குவது. மடக்கும் கோணம் ஒன்றைச் சொல்லிவிட்டால் பாதம் எங்கே இருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். புஷ் தேய்ந்த எட்டு மாதமும் எனக்கு என்ன குறைந்துபோயிருந்தது என்று அதைப் பார்த்தால் புரிகிறது. ஊசிகள் முழுசாக இரண்டைப் பறிக்காமல் விட்டன. கணக்கில் இல்லாத ஓர் அசைவு உள்ளே புகுந்திருந்தது. ஒவ்வொரு அடியிலும் என் இடுப்பு அதற்குப் பயந்தது.

சரி, இந்த முட்டியில் எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன்.

போட்ட முதல் வருடத்தில் ஒருநாள் காலைக் கழற்றி மேஜையில் படுக்க வைத்து, பக்கவாட்டில் தெரியும் முன் கம்பியோடு ஒரு நீளக் குச்சியையும் பின் கம்பியோடு இன்னொன்றையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். கால் நேராக இருக்கும்போது இரண்டு குச்சிகளும் சந்தித்த இடம் முட்டியில் இல்லை. ஏறக்குறைய ஒரு சாண் மேலே, தொடைப் பக்கம், கொஞ்சம் பின்னால் இருந்தது. அந்தப் புள்ளியில் ஆணி எதுவும் கிடையாது, வெறும் காற்று. ஆனால் அந்த நொடியில் கால் சுழல்வது அதைச் சுற்றித்தான். மெல்ல மடக்கினேன். சந்திப்பு விறுவிறுவென்று கீழே, முன்னால் இறங்கி வந்தது. கொஞ்சம் மடக்குவதற்குள் முட்டிப் பக்கம் வந்துவிட்டது. நான் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நிற்கும்போது இந்த முட்டி ஏன் மடிந்து விழுவதில்லை என்பது அன்றைக்குத்தான் பிடிபட்டது. குதிகால் படும்போது தரை நம்மை மேலே தள்ளும். அந்தத் தள்ளல் சுழலும் புள்ளிக்கு முன்னால் போனால் முட்டி நேராக இறுகும், பின்னால் போனால் மடியும். ஒற்றை ஊசி முட்டியில் அந்தப் புள்ளி இருக்கிற இடத்திலேயே இருக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பின்னால் தள்ளி வைத்தால் அடி எடுக்கும்போது மடக்கப் பாடுபட வேண்டும். சுலபமாக மடங்கட்டும் என்று முன்னால் வைத்தால் எப்போது கவிழ்க்குமோ என்று பயந்துகொண்டே நிற்க வேண்டும். நாலு கம்பியில் நிற்கும்போது புள்ளி மேலேயும் பின்னாலும் இருக்கிறது, அடி எடுக்கும்போது தானே இறங்கி வந்து வழிவிடுகிறது. அது உயரத்தில் இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. இடுப்புத் தசையை லேசாக இறுக்கினாலே முட்டி என் பேச்சைக் கேட்கும். இந்தக் கணக்கை முறையாகப் போட்டவர்களில் பெர்க்லியில் இருந்த சார்லஸ் ராட்கிளிஃப் முக்கியமானவர். முட்டிக்குச் சொந்தக்காரன் தன் இடுப்பால் எந்த எல்லைக்குள் அதைக் கட்டுப்படுத்த முடியும் என்று படம் போட்டே காட்டியிருக்கிறார்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. மடங்கும்போது இந்த முட்டி காலைக் கொஞ்சம் உள்ளிழுத்துக்கொள்கிறது. கால் வீசி முன்னால் போகிற அந்த நேரத்தில் பாதம் ஒரு விரல் அளவு தரையை விட்டு உயர்கிறது. ஒரு விரல் பெரிய விஷயமா என்று கேட்கலாம். நல்ல கால் உள்ளவர்களுக்கே வீச்சின் நடுவில் கட்டைவிரல் தரையிலிருந்து ஒன்று இரண்டு சென்டிமீட்டர்தான் தூக்கியிருக்கும். முதலில் எனக்குப் பயிற்சிக்குக் கொடுத்தது ஒற்றை ஊசி முட்டி. அதில் நடக்க இடுப்பைத் தூக்கித் தூக்கிப் போடுவேன், சாயங்காலம் ஆனால் முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். நாலு கம்பிக்கு மாறிய இரண்டாவது வாரம், எப்போதும் தடுக்கும் நிலைப்படியை யோசிக்காமலே தாண்டியிருந்தேன். தாண்டி நாலடி போன பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய் இன்னொரு தடவை தாண்டிப் பார்த்தேன்.

சுழலும் புள்ளி நகர்வது எவ்வளவு முக்கியம் என்பதை நல்ல காலும் எனக்குக் காட்டிக் கொடுத்தது. போன வருடம் வலது முட்டி சுளுக்கிக்கொண்டது. பக்கவாட்டில் ஒற்றைக் கீல் வைத்த பட்டை ஒன்றை ஆறு வாரம் போடச் சொன்னார்கள். காலையில் சரியாகக் கட்டினால் மதியத்துக்குள் இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கும். இறுக்கிக் கட்டினால் தோல் உரசிச் சிவந்துவிடும். பட்டை ஒரே புள்ளியில் மடங்குகிறது, என் எலும்பு அப்படி மடங்குவதில்லை. தொடை எலும்பின் உருண்டை முனை கணைக்கால் எலும்பின் மேல் உருள்கிறது, கூடவே வழுக்குகிறது. ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1836இலேயே இதை எழுதிவிட்டார்கள். முழுசாக நீட்டும் கடைசிப் பகுதியில் கணைக்கால் எலும்பு கொஞ்சம் வெளிப்பக்கம் திருகிப் பூட்டிக்கொள்ளவும் செய்கிறது. உள்ளே குறுக்காக ஓடும் இரண்டு தசைநார்களையும் இரண்டு எலும்புகளையும் சேர்த்தால் அதுவும் ஒரு நாலு கம்பிதான், கம்பிகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் வகை. மனிதர்கள் மாட்டிக்கொண்டு நடக்கிற ரோபோச் சட்டங்களிலும் பட்டை நகர்ந்து தோலை இழுக்கும் தொல்லைக்குக் காரணம் இதுவே என்று அக்கா மகன் சொன்னான். பெரும்பாலான ரோபோக்களுக்கு ஒற்றை அச்சு முட்டியே வசதி. மோட்டாரை அச்சிலேயே வைக்கலாம், கோணம் தெரிந்தால் கணக்கு முடிந்தது. மூட்டுகளின் அமைப்பை எண்களால் எழுத டெனவிட்டும் ஹார்டன்பெர்க்கும் 1955இல் கொடுத்த முறைப்படி ஒரு மூட்டுக்கு நாலு எண் போதும். அவனுக்கு அது போதும். உள்ளே உயிருள்ள கால் இருக்கிறவனுக்குப் போதாது.

இத்தனையும் மனசாரச் சொன்னதுதான். ஆனால் ஆறு வருடமாக ஒரு விஷயம் என்னைத் தின்கிறது. இந்த முட்டிக்கு ஒரே ஒரு வேகம்தான் தெரியும்.

உராய்வுத் திருகை அலன் கீ வைத்து ஓர் அளவில் நிறுத்தினால் அந்த அளவுதான் நாள் முழுக்க. நான் வேகமாக நடந்தாலும் மெதுவாக நடந்தாலும் உராய்வு மாறாது. நடுத்தரமாக நடந்தால் அழகாக வீசும், பின்னால் வருகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. கொஞ்சம் விரைந்தால் குதிகால் பின்னால் எக்கச்சக்கமாகத் தூக்கிக்கொள்ளும். அது திரும்பி வரும்வரை நல்ல காலில் நான் காத்திருக்க வேண்டும். வந்ததும் ‘டொக்’ என்று அடித்து நிற்கும், அந்த அதிர்ச்சி ஸ்டம்ப், அதாவது எஞ்சிய தொடை, வரை ஏறும். மெதுவாக நடந்தால் அதற்கு நேர்மாறு. உராய்வு மிஞ்சிப்போய் முட்டி போதுமான அளவு மடங்காது. மடங்காவிட்டால் காலை உள்ளிழுக்கும் அந்த ஒரு விரலும் கிடைக்காது. கட்டைவிரல் தரையைச் சுரண்டும்.

வயதான அம்மாவோடு நடக்கும்போது இதை அனுபவிக்கிறேன். அம்மா மெதுவாக நடப்பார். அவர் வேகத்துக்கு வந்தால் நான் தடுக்குகிறேன். அதனால் என் வேகத்தில் பத்தடி போய் நின்று, அவர் வரும்வரை காத்திருந்து, மறுபடி பத்தடி. “நீ போப்பா, நான் வந்துடறேன்” என்பார். பக்கத்தில் நடந்துகொண்டே பேச வேண்டும் என்பதுதானே எனக்கு ஆசை. திருகைத் தளர்த்திப் பார்த்தேன், ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்தேன். அம்மாவோடு நடக்க ஓர் அளவு, பேருந்தைப் பிடிக்க ஓர் அளவு என்று நடுவழியில் உட்கார்ந்து அலன் கீயைத் திருக முடியுமா?

படிக்கட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எடை தாங்கிக்கொண்டே மெல்ல மடங்கிக் கொடுக்கும் வித்தை இதற்குத் தெரியாது. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்குகிறேன். சரிவிலும் அதே நிதானம்தான். பழகிவிட்டது.

ஹைட்ராலிக்கில் எண்ணெய் சின்னத் துளை வழியாகப் போவதால் வேகம் கூடினால் எதிர்ப்பும் தானாகக் கூடும். கணினி வைத்த முட்டி இன்னும் ஒரு படி மேலே. 1997இல் வந்த சி-லெக் நடையை ஒவ்வொரு நொடியும் பல தடவை அளந்து எண்ணெய் வழியைத் திறந்து மூடுகிறது. அப்படிப்பட்ட ஒன்றை ஒரு மதியம் முழுக்கப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கனமாக இருந்தது, முதல் பத்து நிமிடம் அடுத்தவர் காலை இரவல் வாங்கிய மாதிரி இருந்தது. ஆனால் மெதுவாக நடந்தேன், மடங்கியது. விரைந்தேன், சரியான நேரத்துக்கு வந்து நின்றது. அன்றைக்கு அம்மா கூட வரவில்லையே என்று இருந்தது.

அதனால் தம்பியிடம் தெளிவாகச் சொன்னேன். உனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நாலு கம்பியின் வடிவம் அருமையானது, உன் இடுப்புக்கும் முதுகுக்கும் நல்லது, அதை விட்டுவிடாதே. ஆனால் வெறும் உராய்வில் ஓடுகிறதை வாங்காதே. நாலு கம்பியிலேயே ஹைட்ராலிக் வீச்சு உள்ளது இருக்கிறது, அதைக் கேள். இல்லையென்றால் கிடைக்கும்வரை பயிற்சி முட்டியிலேயே நட. எங்கே போனாலும் முட்டியைக் கழற்றி ஊசிகளைப் பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், “அப்ப நீங்க எப்பண்ணே மாத்தப் போறீங்க?” என்றான்.

போன் காதில் இருக்க, உட்கார்ந்தபடியே இடது காலை ஒரு தடவை நீட்டி மடக்கினேன். புது புஷ்ஷில் ஒரு சத்தமும் இல்லை. கம்பிகள் ஒன்றையொன்று தாண்டி இறங்கின, பாதம் நாற்காலிக்கு அடியில் தானாகப் போய் அடங்கியது.

“நான் மாத்தலைடா” என்றேன்.