பால் காய்ச்சிய ஆண்டில் வாங்கியவை

கோவையில் அப்பா வீடு கட்டிப் பால் காய்ச்சியது 2012இல். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர், இன்வெர்ட்டர், அறைக்கு அறை மின்விசிறி எல்லாம் அந்த மாதமே ஒரே கடையில், ஒரே பில்லில் வந்து இறங்கின. ஒன்றாக வந்தவை ஒன்றாகத்தான் மூப்படையும். இந்த முறை ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது எங்கள் வீட்டுப் படியேறியவர்களில் உறவினர்களைவிட மெக்கானிக்குகளே அதிகம்.

முதலில் படுத்தது ஃப்ரிட்ஜ். நிறுவனத்தின் செயலியில் புகார் பதிந்ததும் மறுநாள் காலையிலேயே ஆள் வந்துவிட்டார். வாரக்கணக்கில் காத்திருந்து பழகிய எனக்கு அதுவே வியப்பு. வந்தவர் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தார், கம்ப்ரசர் போய்விட்டது என்றார், அந்தச் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றார். சொல்லிமுடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புகாரை முடிப்பதற்கான ஓடிபி அப்பாவின் பழைய எண்ணுக்குப் போனதுதான் பெரிய சிக்கல். அந்த சிம் கார்டு இப்போது யார் கையில் இருக்கிறதோ!

அம்மா யாரையும் கேட்காமல் தெருமுனைக் கடை மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் கம்ப்ரசரின் பக்கவாட்டிலிருந்து, அதைக் கிளப்பிவிடும் சிறு பாகமான ரிலேயைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினார், உள்ளே கலகலவென்றது. உடைந்த ரிலே அப்படித்தான் சத்தம் போடும். ரிலேயும், கம்ப்ரசர் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஓவர்லோடும் மாற்றினார், சில நூறு ரூபாயில் ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கியது. போகும்போது அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "கதவு ரப்பரை மாற்றி ஓட்டுங்கள் அம்மா. ஆனால் கேஸ் கசிந்தால் மட்டும் இதற்குக் காசு போடாதீர்கள்." எது வரை செலவு செய்யலாம், எதற்கு மேல் கூடாது என்று ஒரு பொருளுக்கு முன்கூட்டியே கோடு கிழித்து வைப்பதைவிட வேறென்ன திட்டம் வேண்டும்?

கம்பெனி ஆள் என்றாலே மோசம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. வாஷிங் மெஷினில் கதை தலைகீழ். முன்பக்கம் திறக்கும் இயந்திரம். சுழலும்போது லாரி போவதுபோல் அதிர்ந்தது. தெருமுனைக் கடைக்காரர் கைவிரித்துவிட்டார். நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் டிரம்மைக் கையால் அசைத்துப் பார்த்து, அதைப் பின்னாலிருந்து தாங்கும் மூன்று கை கொண்ட அலுமினியச் சட்டம் அரித்து முறிந்திருக்கிறது, அது தனியாகக் கிடைக்காது, டிரம் முழுவதையும் மாற்ற வேண்டும், அவ்வளவு செலவு செய்யத் தகுதியான வயது இந்த மெஷினுக்கு இல்லை என்று நேராகச் சொன்னார். "எந்தத் தண்ணீர் சார் விடுகிறீர்கள்?" என்று கேட்டதும் அவர்தான்.

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. சிறுவாணியின் சுவையைப் பெருமையாகப் பேசாத கோவைக்காரர் இல்லை. ஆனால் அது முறை வைத்துத்தான் வரும். தொட்டியில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொள்வோம். மாடித் தொட்டிக்கு ஏறி வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் போவது போர் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். ஜெர்மனியில் தண்ணீரின் கடினத்தன்மையைக் குடிநீர் நிறுவனமே அறிவிக்கிறது; சலவைத் தூள் பெட்டியிலும் மென்னீருக்கு இவ்வளவு, கடின நீருக்கு இவ்வளவு என்று அளவு அச்சிட்டிருக்கும். இங்கே குளியலறை ஓட்டில் படியும் வெள்ளைக் கறையைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

கீசரைத் திறந்தபோது அது இன்னும் தெளிவானது. உள்ளே மெக்னீசியத்தில் ஒரு தண்டு இருக்கும். அரிப்பு தொட்டியைத் தின்னாமல் தன்னைத் தின்னட்டும் என்பதற்காகவே வைக்கப்படும் பொருள் அது. எங்கள் தண்டில் கம்பி மட்டுமே மிச்சம். சூடாக்கும் சுருள்மேல் சுண்ணாம்பு விரல் பருமனுக்குப் படிந்திருந்தது. உப்புத் தண்ணீர் வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தத் தண்டைப் பார்க்க வேண்டுமாம். இத்தனை ஆண்டில் ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லவும் இல்லை.

பழுது பார்ப்பதா, புதிதா என்பதற்கு ஜெர்மனியில் என் நண்பர்கள் வைத்திருக்கும் கணக்கு எளியது: செலவு புதியதன் பாதி விலையைத் தொட்டால் தூக்கி எறி. அங்கே மெக்கானிக் வாசலுக்கு வரும் கூலியே அந்தப் பாதியில் பெரும்பங்கைத் தின்றுவிடும் என்பதால் பெரும்பாலும் எறிவதில்தான் முடியும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 2021 முதல் வாஷிங் மெஷினின் முக்கிய உதிரி பாகங்களைப் பத்தாண்டுக்குத் தர வேண்டும். பாகம் கிடைத்தாலும் கூலி குறைவதில்லை. கோவையில் நேர்மாறு: கூலி மலிவு, பாகம்தான் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கிறது.

இதற்கு எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மிக்ஸியே சாட்சி. ஜெயலலிதா ஆட்சியில் 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிடைத்தது. இன்றும் சட்னி அரைக்கிறது. கப்ளர் தேய்ந்தால் கப்ளர், கார்பன் போனால் கார்பன், எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கிறது. அம்மாவின் சாய்க்கும் கிரைண்டரும் அப்படித்தான். புவிசார் குறியீடு பெற்ற ஊர்ப் பொருள் என்பதால் சொல்லவில்லை. பெல்ட்டும் பேரிங்கும் மாற்ற நாலு தெருவுக்கு ஓர் ஆள் இருக்கிறார் என்பதால் சொல்கிறேன். அதை எப்போது மாற்றுவது என்று தேதி குறிக்க நான் முயலவில்லை. அம்மாவும் விட்டிருக்க மாட்டார்.

ஓடிக்கொண்டிருந்தும் நான் மாற்றச் சொன்னது மின்விசிறிகளை. பழையவை ஒவ்வொன்றும் 75 வாட் அளவில் இழுக்கின்றன. மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த இப்போதைய பிஎல்டிசி விசிறிக்கு முப்பது வாட் அளவே போதும். தமிழ்நாட்டில் இரு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். கோடையில் நாங்கள் ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டை உரசிக்கொண்டுதான் போகிறோம். கண்டென்சர் மாற்றி மாற்றி ஓட்டிய சிக்கனம் மின் கட்டணத்தில் கரைந்துபோகிறது.

மற்றபடி என் ஒரே பிடிவாதம், எல்லாவற்றையும் இந்த விடுமுறைக்குள் வாங்கி அடுக்கிவிடக் கூடாது என்பது. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளின் வழக்கம் அது: வந்த கையோடு வீட்டை நிரப்பிவிட்டு விமானம் ஏறுவது. அப்படிச் செய்தால் அவை எல்லாம் மறுபடி ஒரே ஆண்டில் படுக்கும், அப்போது அப்பாவுக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும். ஆகவே வாஷிங் மெஷின் மட்டும் இப்போது வாங்கினோம், மேல்பக்கம் திறப்பது, குனிய வேண்டாம். கீசர் மார்கழிக் குளிருக்கு முன். இன்வெர்ட்டர் பேட்டரி மாசியில். நாலு வருடம் ஓடிவிட்டது, சித்திரை வெயிலில் மின்சாரம் போகும்போது கைவிட்டால் அப்பாவுக்குத் தூக்கம் போய்விடும். ஃப்ரிட்ஜ் அடுத்த ஆடித் தள்ளுபடி வரை தாங்கினால் நல்லது. நட்சத்திர லேபிளில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட், லேபிள் எந்த ஆண்டுக்கானது என்றும் பார்க்கும்படி தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் பழைய மூன்று நட்சத்திரமும் புதிய மூன்றும் ஒன்றல்ல.

புதிய மெஷினின் பில்லில் தங்கையின் கைப்பேசி எண்ணைக் கொடுத்தோம். பொள்ளாச்சியில் இருக்கிறாள், ஓடிபி அவளுக்குப் போனால் அரை நிமிடத்தில் வீட்டுக்குச் சொல்லிவிடுவாள்.