ஐடி ஆக்கள்ட மாநாட்டுக்கு ஹொட்டேலா கம்பஸா?

யூனிவர்சிட்டி ஐடி ஸ்டாஃப்ட வருசாந்த மாநாடு இந்த முறை கொழும்பில, ஒழுங்குசெய்யிற கமிட்டியில நானும் மாட்டுப்பட்டுட்டன். இடத்துக்கு மூண்டு யோசனை வந்தது, காலிமுகப் பக்கம் ஹொட்டேல் ஒண்டு, பிஎம்ஐசிஎச் எண்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபம், இல்லாட்டி ரீட் அவெனியூப் பக்கம் கம்பஸ் ஹோல். நாங்கள் எடுத்தது கம்பஸ். போன முறை ஹொட்டேல்ல பட்ட பாடு எனக்கு இன்னும் மறக்கேல்ல, அதால நான் நடுநிலையா எழுதுவன் எண்டு எதிர்பாக்காதீங்கோ.

பிஎம்ஐசிஎச் கதை சின்னது. 1973ல சீனா கட்டித் தந்த மண்டபம், பெரிய ஹோலில எங்கட 150 பேரை இருத்தினா தேர் முடிஞ்ச அடுத்த நாள் கோயில் வீதி மாதிரி இருக்கும். சின்ன ஹோல்களும் இருக்குத்தான், ஆனா நான் அங்க போய் இருந்து கேட்டதோட சரி, ஒண்டும் நடத்திப் பாத்ததில்ல.

சாப்பாடு, ஏசி, கதிரை, பார்க்கிங் எல்லாத்திலயும் ஹொட்டேல்தான் திறம். காசு மட்டும் கவனம், "பிளஸ் பிளஸ்" எண்டு சொன்னா சேர்விஸ் சார்ஜ் 10 வீதம், அதுக்கு மேல வட் 18 வீதம், 5000 எண்டு சொன்ன பிளேட் கையில வரேக்க 6490.

ஆனா என்னை மாத்தினது காசில்ல, வைஃபை. போன முறை காலமை ஒன்பதரைக்கு முதல் பேச்சு தொடங்கமுதலே பாதிப் பேருக்கு நெட் இல்ல. சிக்னல் ஃபுல், ஆனா ஐபி, அதாவது நெட்வேர்க்கில ஒவ்வொரு போனுக்கும் வேண்டிய அட்ரஸ், கிடைக்குதில்ல. ஹோலுக்கு ஒரே ஒரு ஸ்லாஷ் 24 எண்ட அட்ரஸ் தொகுதி, அதில 254 அட்ரஸ்தான், எங்கட ஆக்கள் ஒருத்தர் ரெண்டு போன் ஒரு லாப்டொப்போட வாற இனம், அதுக்குள்ள டிஎச்சிபி லீஸ், அதாவது குடுத்த ஐபியை ஒருத்தற்ற பேரில வச்சிருக்கிற நேரம், 24 மணித்தியாலம் எண்டு போட்டு வச்சிருக்கினம், முதல் நாள் இரவு அதே ஹோலில கல்யாணம், அதுக்கு வந்த சனம் வீட்ட போய்ப் படுத்திட்டுது ஆனா அவையிட போனுக்குக் குடுத்த ஐபி எல்லாம் இன்னும் அவையிட பேரிலதான். ஹொட்டேல் பெடியன் வந்து "சேர், ரௌட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாப்பமா" எண்டான், ஹோல் நிறைய நெட்வேர்க் அட்மின்மார். பாவம் அவனில பிழையில்ல, லீஸைக் குறைக்க அவனிட்ட பாஸ்வேர்டே இல்ல.

கம்பஸில இந்தப் பிரச்சினையை நாங்களே தீர்க்கலாம், மற்றது எடுரோம் இருக்கு, அது கம்பஸுகளுக்கெல்லாம் பொதுவான வைஃபை. யாழ்ப்பாணமோ வந்தாறுமூலையோ ஒலுவிலோ, எங்க இருந்து வந்தாலும் தன்ர கம்பஸ் லொகினோடயே ஏறலாம், வவுச்சர் எழுதிக் குடுக்கிற வேலை இல்ல. ஒரு சிக்கல், லொகின் சரிபாக்கிறது அவரவர்ட சொந்தக் கம்பஸ் ரேடியஸ் சேர்வர், அது அங்க விழுந்தா இவர் இங்க வெளிய நிக்கவேண்டியதுதான், எழுப்பிவிடத் தெரிஞ்ச ஆளும் அவராத்தான் இருப்பார். ஸ்பொன்சர் பண்ணுற கொம்பனி ஆக்களுக்குத் தனி கெஸ்ட் நெட்வேர்க் வேணும், அதை முதல் நாளே டெஸ்ட் பண்ணுங்கோ.

கம்பஸ்ட உண்மையான பயம் வேற. 2024ல கல்விசாரா ஊழியர் ஸ்ட்ரைக் ரெண்டு மாசத்துக்கு மேல போனது, அப்பிடி ஒண்டு வந்தா ஹோல் திறப்பு எடுக்கவும் ஆளில்ல. ஹொட்டேலுக்கு அந்தக் கவலை கிடையாது, இதில அவை வெண்டிட்டினம் எண்டுதான் சொல்லவேணும். ஏசியும் மத்தியானத்துக்குப் பிறகு எப்பிடி இழுக்கும் எண்டு 150 பேரை இருத்தினாப் பிறகுதான் தெரியும்.

சாப்பாட்டை வெள்ளவத்தைக் கடை ஒண்டுக்குக் குடுத்தாச்சு, தூரத்தில இருந்து வாற கனபேர் அங்கதான் தங்கினம். மரக்கறியா மச்சமா எண்டு கேட்டு ரெண்டு ஈமெயில் போட்டாச்சு, இன்னும் 40 பேர் பதில் இல்ல.