வயதைப் பார்ப்பதா, நடையைப் பார்ப்பதா?

புராஸ்டேட் புற்றுநோய் பல நேரம் மெதுவாகத்தான் வளரும். அதனால் முதியவருக்கு அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ தேவையா என்று முடிவெடுக்க, இன்னும் 10 ஆண்டு வாழ்வாரா என்று மருத்துவர் கணிக்கிறார். அதற்கு இரண்டு வழிகள்.

ஆயுள் அட்டவணை சுலபம். வயதைச் சொன்னால், சராசரியாக இன்னும் எத்தனை ஆண்டு என்று வந்துவிடும். ஆனால் மேலூரில் இன்றும் வயலுக்குச் சைக்கிளில் போகிற 75 வயதுக்காரரும், சர்க்கரையும் இதய அடைப்புமாக மதுரையில் வீட்டோடு முடங்கியவரும் அதற்கு ஒன்றுதான். அந்தத் தலைமுறையில் பலரிடம் பிறப்புச் சான்றிதழே இல்லை என்பது வேறு கதை.

மற்றது, உடலையே அளப்பது: கூடவே உள்ள நோய்கள், நடை வேகம், முதிய புற்றுநோயாளிகளின் உடல்நிலையை மதிப்பெண் போட்டுப் பார்க்கும் ஜி8 என்ற எட்டுக் கேள்விகள். ஜி8-இல் 17-க்கு 14 அல்லது அதற்கும் குறைவாக வந்தால் விரிவான முதியோர் பரிசோதனை வேண்டும். நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு ஏறக்குறைய அந்த வயதின் சராசரி ஆயுளை எதிர்பார்க்கலாம். வேகம் கூடினால் ஆயுளும் கூடுதலாக எதிர்பார்க்கலாம். மூட்டுத் தேய்ந்தவரிடம் மட்டும் இது கொஞ்சம் ஏமாற்றும்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. ஆனாலும் தொடக்கம் அட்டவணைதான்: அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்சிசிஎன்-னின் வழிகாட்டுதல், நல்ல ஆரோக்கியமுள்ள கால்வாசிப் பேருக்கு அதில் 50 சதவீதம் கூட்டவும், மிக நலிந்த கால்வாசிப் பேருக்கு 50 சதவீதம் குறைக்கவும் சொல்கிறது.