பாஸ்டன் சிவப்புக் கோடு: தனியாக நடப்பதா, வழிகாட்டியோடு போவதா?

அமெரிக்க விடுதலைப் போராட்ட காலத்து இடங்களை இணைக்கும் நடைபாதையான, பாஸ்டன் நகர மையத்தின் ஃப்ரீடம் டிரெயிலை நான் மூன்று விதமாகவும் பார்த்துவிட்டேன். முதல் தடவை, பழங்கால உடை போட்ட வழிகாட்டியோடு. இரண்டாம் தடவை, ஒரு மழை நாளில், ஏறி இறங்கும் டிராலி பேருந்தில். போன அக்டோபரில் அப்பாவும் நானும் மட்டும் நடந்தே போனோம். இப்போது யார் கேட்டாலும் மூன்றாவதைத்தான் சொல்கிறேன். அதற்குக் காரணம் செலவு இல்லை.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்கி ஆற்றுக்கு அப்பால் சார்லஸ்டவுனில் பங்கர் ஹில் நினைவுத் தூணில் முடியும் பாதை இது. சுமார் 4 கிலோமீட்டர், 16 இடங்கள். 1951-ல் வில்லியம் ஸ்கோஃபீல்டு என்ற பத்திரிகையாளர் கொடுத்த யோசனை. வழி முழுக்கத் தரையில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். சில இடங்களில் செங்கல், சில இடங்களில் வெறும் பெயின்ட். புது ஊரில் தனியாக நடக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலில் வருவது வழி தவறிவிடுமோ என்ற பயம். இங்கே அதற்கு வேலையே இல்லை.

செலவில் பெரிய விவாதம் இல்லை. கோட்டின் மேல் நடக்கக் காசு கிடையாது. பழைய கல்லறைத் தோட்டங்கள், ஃபேனியல் ஹால், பங்கர் ஹில் எல்லாம் இலவசம். பால் ரிவியர் வீடு, ஓல்டு ஸ்டேட் ஹவுஸ், ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸ் போன்றவற்றின் உள்ளே போகத்தான் டிக்கெட்.

டிராலியையும் சீக்கிரமே சொல்லி முடித்துவிடலாம். முட்டி வலி இருப்பவர்களுக்கும், கையில் அரை நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கும் அது நல்ல வழி. ஆனால் இந்தப் பாதையின் பழைய தெருக்கள் குறுகல். பேருந்து ஓரமாகச் சுற்றும், நாம் ஜன்னல் வழியே கட்டட முகப்புகளைப் பார்ப்போம். ஒரே ஒரு தடவை, அதுவும் மழையில் போனவன் நான். வெயில் நாளில் இதைவிட நன்றாக இருக்கலாம்.

வழிகாட்டியோடு போவதுதான் உண்மையான போட்டி. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸ் வாசலில் நின்று, 1773 டிசம்பர் 16 அன்று சுமார் 5,000 பேர் இங்கே கூடித்தான் பிரிட்டிஷ் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டக் கிளம்பினார்கள் என்று அவர் சொன்னபோது, கதாகாலட்சேபம் கேட்பது போலக் கூட்டமே வாய் மூடி நின்றது. போன் அந்த வேலையைச் செய்யாது. கேள்வி கேட்டால் பதில் வரும், கூட நடப்பவர்களோடு பேச்சு வரும். அமெரிக்க வரலாறு கொஞ்சமும் தெரியாமல் போகிறவருக்கு இது பெரிய உதவி. ஆனால் நான் போன நடை ஒன்றரை மணி நேரத்தில் ஃபேனியல் ஹாலோடு முடிந்துவிட்டது. பாதையின் பிற்பாதியான நார்த் எண்ட் பகுதியும் சார்லஸ்டவுனும் மிச்சம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் தனி நடைக்கு மாறியது வேறொன்றுக்காக: பார்த்த இடத்துக்குத் திரும்பிப் போக முடிகிறதா என்பது.

கிரானரி கல்லறைத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1660-ல் உண்டானது. நடுவில் ஃபிராங்க்ளின் என்று பெரிய எழுத்தில் பொறித்த ஒரு கல்தூண் நிற்கிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இங்கேதான் இருக்கிறார் என்று பலரும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது அவருடைய பெற்றோருக்கு. அவர் அடக்கமானது ஃபிலடெல்ஃபியாவில். வழிகாட்டியோடு வந்தபோது இந்தத் தூண், பால் ரிவியர், ஜான் ஹான்காக், சாமுவேல் ஆடம்ஸ் என்று விடுதலைப் போராட்டத்தின் முக்கியமானவர்களுடைய கல்லறைகளைப் பார்த்துவிட்டு நகர்ந்தோம். அப்பாவோடு போனபோது அவர் தெரு ஓரத்தில் இருந்த ஒரு கல்லின் முன்னால் நின்றுவிட்டார். 1770 மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்ட பாஸ்டன் படுகொலையில் இறந்த ஐந்து பேரின் பெயர் அதில் இருக்கிறது. கீழே ஆறாவதாக ஒரு பெயர்: கிறிஸ்டோஃபர் ஸ்னைடர், வயது 12, பிப்ரவரி 22-ல் கொல்லப்பட்டவன். அதாவது படுகொலைக்கு 11 நாள் முன்னால். மேலே கூழாங்கற்களும் சில்லறைக் காசுகளும் வைத்திருந்தார்கள். அப்பா குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "சின்னப் பையன்ப்பா" என்றார். சரி, கிளம்பினோம்.

கோடு அங்கிருந்து கிங்ஸ் சேப்பல், ஃபிராங்க்ளின் சிலை, பழைய புத்தகக்கடைக் கட்டடம் எல்லாம் தாண்டி ஓல்டு ஸ்டேட் ஹவுஸுக்குப் போகிறது. 1713-ல் கட்டிய செங்கல் கட்டடம், சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள். 1776 ஜூலை 18 அன்று சுதந்திரப் பிரகடனத்தை வாசித்த மாடம் அதில் இருக்கிறது. அந்த மாடத்துக்குக் கீழே, நடைபாதையில் கற்களை வட்டமாகப் பதித்திருக்கிறார்கள். படுகொலையின் நினைவாக வைத்த வட்டம். பாதையில் கல்லறை முதலில் வருகிறது, சாவு பிறகு வருகிறது! அப்பா வட்டத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "அந்தப் பேருங்களை இன்னொரு தடவ பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டார். வந்த வழியே திரும்பி நடந்தோம். இரண்டாம் தடவை அந்தக் கல் வேறு மாதிரி இருந்தது. முதல் தடவை வெறும் பட்டியல். இப்போது அந்தப் பட்டியலில் இருந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸும் 17 வயது சாமுவேல் மாவரிக்கும் விழுந்த தெருவைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எந்தக் குழுவும் ஒருவருக்காக இப்படித் திரும்பி நடக்காது. நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. எனக்கோ அன்றைய நாளில் மனதில் நின்றது அந்தத் திரும்பி வந்த பத்து நிமிடம்தான்.

தனி நடையின் விலை ஒன்று உண்டு: படித்துவிட்டுப் போக வேண்டும். அமெரிக்க தேசியப் பூங்கா சேவையின் செயலி இலவசம். முந்தின இரவே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும். நாங்கள் அதை மட்டும் வைத்துத்தான் சமாளித்தோம். ஒவ்வொரு இடத்திலும் முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் படித்தோம். முதலிலேயே படித்தால் கண் திரையை விட்டு நகராது.

அப்புறம், ஒரே நாளில் 16-ஐயும் முடிக்கப் பார்க்காதீர்கள். பாஸ்டன் காமன் முதல் ஃபேனியல் ஹால் வரை ஒரு நாள். 1680 வாக்கில் கட்டிய ரிவியர் வீடு, பிரிட்டிஷ் படை வருவதை எச்சரிக்க விளக்கு காட்டிய ஓல்டு நார்த் தேவாலயம், பாலம், கப்பல், தூண் இன்னொரு நாள். கல்லறைத் தோட்டங்கள் பகலில் மட்டுமே திறந்திருக்கும். யூஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷன் கப்பலில் ஏறப் பெரியவர்களுக்குப் புகைப்பட அடையாள அட்டை வேண்டும். பங்கர் ஹில் தூணில் 294 படி, லிஃப்ட் கிடையாது. அப்பா கீழே புல்லில் உட்கார்ந்துகொண்டார், நான் மட்டும் ஏறினேன். குளிர்காலப் பனியில் நான் நடந்ததில்லை. அந்தச் செங்கல் வழுக்கும் என்றுதான் தோன்றுகிறது. சின்னக் குழந்தைகளோடு போவதென்றால், உடை போட்ட வழிகாட்டியே அவர்களுக்குப் பிடிக்கலாம்.

திரும்பும்போது பாலத்தில் மறுபடி நடக்க வேண்டாம். கப்பல் நிற்கும் கடற்படைத் தளத்திலிருந்து லாங் வார்ஃபுக்குப் படகு இருக்கிறது. பத்து நிமிடம்தான், காலுக்கும் ஓய்வு.