விண்டர் கலியாணத்துக்குப் படம் பிடிக்க ஆள் தேடுகிறவர்களே, 4,200 டொலர் போன கதையைக் கேளுங்கள்

ரொறன்ரோவில் கார்த்திகையிலோ தையிலோ கலியாணம் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். தங்கச்சியின் கலியாணப் படத்துக்குக் கொடுத்த 4,200 டொலரும் இனித் திரும்பி வராது என்று நேற்று இரவுதான் தெரிந்தது. கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் விடுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கலியாண வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் வெப்சைட் ஒன்று. பெயர் போட வேண்டாம், வழக்கு கிழக்கு என்று வந்தால் சிக்கல் என்கிறார் அத்தான். அதில் பெயருக்குப் பக்கத்தில் டிக் அடித்த ஒரு ஆள், படம் பிடிப்பதோடு கலியாண நாளுக்கான முழு நேர அட்டவணையும் போட்டுத் தருவேன் என்று எழுதியிருந்தார். எங்களுக்குத் தேவைப்பட்டதே அதுதான். ஜூனில் என்றால் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கும், ஜனவரி கடைசியில் 5:25 போல சூரியன் போய்விடும். காலை முகூர்த்தம், சாப்பாடு, குடும்பப் படங்கள் எல்லாம் முடிந்து வெளியே போய்ப் படம் எடுக்க மிஞ்சுவது இரண்டு இரண்டரை மணி நேரம்தான்.

வீடியோ கோலில் நாங்கள் வாய் திறக்க முன்பே அவர் சொன்னார், "அக்கா, விண்டர் கலியாணமெண்டா சூரியனை வைச்சுத்தான் மற்ற எல்லாம். 3 மணிக்குப் பொம்பிளை மாப்பிள்ளை கில்ட் பார்க்கில நிக்கவேணும், பெர்மிட் நான் எடுக்கிறன், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ." கில்ட் பார்க் என்பது ஸ்காபரோவில் பளிங்குத் தூண்கள் நிற்கிற ஒரு பூங்கா, பெர்மிட் என்றது அங்கே கலியாணப் படம் எடுப்பதற்கான அனுமதி. அம்மா பக்கத்தில் இருந்து, "தம்பி ஊரில எவடம்?" என்று கேட்டா. அம்மாவின் ஊருக்குப் பக்கத்து ஊராம். அவ்வளவுதான், அம்மாவுக்கு அவர் சொந்தப் பிள்ளை ஆகிவிட்டார், அந்தக் கோயில் இப்போது எப்படி, இந்தச் சந்தியில் கடை இருக்கிறதா என்று அரை மணி நேரம் கதை. 5,600 டொலர் பேச்சு, அதில் 4,200 முன்கூட்டியே வேணும், விண்டரில் ஆட்கள் கிடைப்பது கஷ்டம் என்றார். அன்றிரவே ஈ-ட்ரான்ஸ்பர், அதாவது பாங்க் கணக்கில் இருந்து நேரே காசு அனுப்புவது, பண்ணினோம்.

பிறகு அட்டவணை வந்தது. அதில் ஒரு வரி: "6:15, பொன்மாலை வெளிச்சத்தில் மேப்பிள் இலைகளுக்கு நடுவே மணமக்கள்." ஜனவரியில்! 6:15க்குக் கும்மிருட்டு, இலை என்று ஒன்று மரத்தில் கிடையாது. போன் எடுத்துக் கேட்டேன். சிரிக்கிறார். "ஐயோ அக்கா, அது ஒக்டோபர் கலியாணம் ஒண்டின்ர ஷீட், மாத்தி அனுப்புறன்." அனுப்பவே இல்லை. திரும்பத் திரும்ப மெசேஜ் போட்டதற்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

கலியாணத்தன்று அவர் வரவில்லை. 7:30க்கு இரண்டு பேர் என்று பேச்சு, 9:50க்கு ஒரு பெடியன் மட்டும் வந்தான். வெளியே மைனஸ் 14. இரவு முழுக்க கமரா பை காரின் டிக்கியில் கிடந்ததாம். அந்தக் குளிரில் இருந்து எடுத்து, ஹோமப் புகையும் சனமுமாக வெக்கையடிக்கிற ஹோலுக்குள் நேரே கொண்டுவந்து திறந்தால் என்ன ஆகும்? லென்ஸ் முழுக்க நீராவி. துடைக்கிறான், திரும்பப் படிகிறது. பையைத் திறக்காமல் அரை மணி நேரமாவது உள்ளே வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டுமாம், இதைப் பிறகு வேறொரு படப்பிடிப்பாளர் சொன்னார். தங்கச்சி கூறை மாற்றி வந்து இருந்துவிட்டாள், ஐயர் தாலியைக் கையில் கொடுக்கிறார், கெட்டிமேளம் கொட்டுகிறது, இவன் சட்டை நுனியால் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறான். தாலி கட்டின படம் என்று எங்களிடம் இருப்பது மாமா போனில் எடுத்தது ஒன்றுதான். அதிலும் பாதி அந்தப் பெடியனின் முதுகு.

கில்ட் பார்க்குக்குப் போய்ச் சேரவே 4:30 தாண்டிவிட்டது. பெர்மிட்டும் இல்லை. அந்தப் பளிங்குத் தூண்களுக்கு முன்னால் முறையாகப் பெர்மிட் எடுத்த வேறு சோடி நின்றது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. சேலைக் கரை ஸ்னோவில் நனைய நனைய ஓரத்தில் காத்து நின்றோம், எங்கள் முறை வந்தபோது குளிரில் கமராவின் பட்டறி செத்துப்போச்சு. மாற்றுப் பட்டறி ஹோலில் இருக்கிறதாம்.

அதற்குப் பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில் எடிட்டிங் நடக்குது. பிறகு ஹார்ட் டிரைவ் பழுது. கடைசியில் 61 படம் வந்தது, ஹோல் லைட்டில் எல்லோர் முகமும் ஊதா. வெப்சைட்காரரிடம் போனால், நாங்கள் ஆளை அறிமுகப்படுத்துவது மட்டும்தான், காசு எங்கள் வழியாக வரவில்லை என்கிறார்கள். அப்போ அந்த டிக்? அது போன் நம்பர் சரியா என்று பார்த்ததற்காம்! நேற்று இரவு அவரிடம் இருந்து வந்தது இது: "அட்டவணையில 6:15 எண்டு தெளிவா இருக்கு, நீங்கள்தான் 5:20க்கே வெளிக்கிட்டிட்டீங்கள், காசு திருப்பித் தர ஏலாது." மாற்றச் சொல்லி மாற்றாத அதே ஷீட்! 4,200 டொலர் வாங்கினவர் சொல்கிற நியாயம் இது. வாசித்த அம்மா இன்னும் சாப்பிடவில்லை.

சரி, கவனிக்க வேண்டியவை. உங்கள் திகதிக்குச் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று நீங்களே பார்த்து, அதில் இருந்து பின்னோக்கி நேரத்தைப் போடுங்கள். வரப்போகிற ஆளின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பெர்மிட்டை உங்கள் பெயரில் எடுங்கள். காசை கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள், ஈ-ட்ரான்ஸ்பர் என்றால் அவர்கள் எடுத்த பிறகு பாங்க் கை விரித்துவிடும், கேட்டுப் பார்த்தாச்சு.

இன்னும் எழுத இருக்கிறது, இப்போது பொறுமை இல்லை. சிறு தொகை வழக்குகளைப் பார்க்கிற ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடப் போகிறோம். ஜனவரிக் கலியாணத்துக்கு மேப்பிள் இலை ஷீட் வேறு யாருக்காவது வந்திருந்தால் உடனே மெசேஜ் போடுங்கள், ஆதாரம் தேவைப்படுகிறது.