முடிவுக் கணிப்புகள்: 2013 முதல் ஒரு பேரேடு

கானாடுகாத்தான் வீட்டில் ஐயா காலத்துப் பேரேடு ஒன்று பாதி எழுதாமல் கிடந்தது. 2013 முழுப்பரீட்சை லீவில் அதை நானும் பெரியப்பா மகனும் எடுத்துக்கொண்டோம். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' நாவல் வரிசை எப்படி முடியும் என்று ரசிகர்கள் சொல்லும் கணிப்புகளை எழுதி வைக்கத்தான். பக்கத்துக்கு ஒரு கணிப்பு. நாவலில் அதற்குச் சாதகமான வரிகள் வரவு, எதிரானவை பற்று. இத்தனை வருஷம் புழங்கியதில் எனக்குப் பட்டது இதுதான்: நாவலைத் திரும்ப எடுக்க வைக்கும் கணிப்புதான் உழைக்கிறது.

ஜான் ஸ்னோவின் பிறப்பைப் பற்றியது அப்படிப்பட்டது: பனிச்சுவரில் காவல் நிற்கும் அவன் இளவரசன் ரேகாருக்கும் லியானாவுக்கும் பிறந்தவன் என்கிறது. 1996இல் வந்த முதல் நாவலில் ரேகார் லியானாவுக்கு நீல ரோஜா மகுடம் தருகிறான். இரண்டாம் நாவலில் ரேகாரின் தங்கை டெனேரிஸுக்குத் தெரியும் மாயக் காட்சிகளில் ஒன்று, பனிச்சுவரின் விரிசலில் பூத்த ஒரு நீலப் பூ. ராத்திரி வளவில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்துவிட்டு, "டேய், சுவர்ல காவல் நிக்கிறது யாரு?" என்று அண்ணன் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாவலை வைத்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் 2016இல்தான் அதை உறுதி செய்தது.

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் 'வலோன்கார்'. 2005இல் வந்த நான்காம் நாவலில், அரசி செர்சியின் கழுத்தை ஒரு வலோன்கார் நெரிப்பான் என்று குறிகாரி சொல்கிறாள். அந்தச் சொல்லுக்குத் தம்பி என்று பொருள். செர்சி தன் தம்பி டிரியனை நினைத்தே பயப்படுகிறாள். ரசிகர்கள் கை காட்டுவது அவளோடு இரட்டையாகப் பிறந்த ஜேமியை. நாங்கள் வாதாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா, "ரெட்டைப் பிள்ளையில பின்னால வந்தவன் தம்பிதானப்பா, இதுல என்ன யோசனை?" என்றார். சரி, வரவில் எழுதினோம். அப்புறம்தான் கவனித்தேன், குறிகாரி 'உன் தம்பி' என்று சொல்லவே இல்லை. நம் ஊரில் யாரையும் தம்பி என்று கூப்பிடுகிற மாதிரி, அது யார் வீட்டுத் தம்பியாகவும் இருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காக நான்காம் நாவலை மூன்று முறை படித்தேன்.

இன்னார் உண்மையில் இன்னார்தான் என்ற மாறுவேடக் கணிப்புகள் ஒரு சாயங்காலத்துக்குக்கூடத் தாங்குவதில்லை. பற்றுப் பக்கம் சீக்கிரமே நிரம்பிவிடும்.

2019 மே மாதம் தொலைக்காட்சித் தொடர் முடிந்தபோது அண்ணன் பேரேட்டை மூடச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. அதில் செர்சியும் ஜேமியும் இடிபாட்டில் சாகிறார்கள். குறிகாரி வரும் காட்சியில் வலோன்கார் பேச்சையே எடுத்துவிட்டிருந்தார்கள். 2011இல் வந்த ஐந்தாம் நாவலில் ரேகாரின் மகன் என்று சொல்லிக்கொண்டு வரும் இளம் ஏகான் அங்கே இல்லவே இல்லை. இத்தனை பேர் விடுபட்ட கதையின் முடிவை நாவலின் முடிவாக எப்படி ஏற்பது? அடுத்த நாவல் இன்னும் வராதது பெரிய ஏக்கம்தான். ஆனாலும் ஏகான் பக்கத்தில் வரவும் பற்றும் சரிசமமாக நிற்கின்றன. பொங்கலுக்கு அண்ணன் வருகிறார், அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிக்கப் போகிறோம்.