திரிபோஷா: சும்மா குடுக்குற மாவுக்கும் ஒரு ரிவ்யூ வேணும்தானே

வெளியூர்ல இருந்து வாசிக்கிறவங்களுக்கு முதல்ல சொல்லிடுறேன், திரிபோஷான்னா இலங்கையில எம்.ஓ.எச். கிளினிக்ல, அதாவது அரசாங்க சுகாதார அதிகாரியோட கிளினிக்ல, சும்மா குடுக்குற சத்து மா. சோளம், சோயா, பால்மா, அதோட விட்டமின் எல்லாம் கலந்தது. கர்ப்பிணித் தாய்மார், பால் குடுக்குற அம்மாமார், நிறை குறைஞ்ச பிள்ளைங்க, இவங்களுக்கு மாசத்துக்கு 750 கிராம் பாக்கெட் ரெண்டு. 1973ல அமெரிக்க உதவியில ஆரம்பிச்சது, இப்ப ஜா-எலயில அரசாங்கக் கம்பெனியே செய்யுது. எங்க அம்மா என்னைய வயித்துல வச்சிருந்தப்பயும் இதுதான், நான் என் மகள வச்சிருந்தப்பயும் இதுதான், அதனால ரிவ்யூ போட எனக்குத் தகுதி இருக்குன்னு நினைக்கிறேன் :)

ருசி நல்லாத்தான் இருக்கும். வறுத்த சோளத்தோட வாசம், லேசா ஒரு இனிப்பு. அப்பிடியே அள்ளி வாயில போட்டா அண்ணத்துல ஒட்டிக்கும், அந்த நேரம் யாராவது சிரிப்பு காட்டினா முடிஞ்சுது கதை, மூஞ்செல்லாம் மா. சுடுதண்ணி கொஞ்சம் தெளிச்சு சீனியும் துருவின தேங்காயும் போட்டுப் பிசைஞ்சு உருண்டை புடிச்சா அதுக்கு ஈடு இல்ல. கஞ்சியா கரைச்சா எனக்குப் புடிக்காது, ஆறினா போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி ஆயிடும். வேக வச்சு பக்குவம் பண்ணித்தான் பாக்கெட்ல வருது, அதனால அடுப்பே பத்த வைக்கத் தேவையில்ல, 2022ல 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4860 ரூபாக்குப் போய் அதுக்கும் கியூல கிடக்கணும்னு இருந்த நேரம் டவுன்ல இருக்குறவங்களுக்கே இதோட அருமை தெரிஞ்சிருக்கும்.

ஆனா சும்மா கிடைக்குதுங்கிறது பாதிதான் உண்மை. உருண்டை புடிக்க சீனி வேணும், தேங்கா வேணும். 2024 கடைசியில தேங்கா ஒன்னு 200 ரூபா கிட்டப் போனுச்சே, அப்ப அரை மூடி தேங்காய சம்பலுக்கு வைக்கிறதா உருண்டைக்குப் போடுறதான்னு எங்க வீட்ல பெரிய சண்டையே நடந்துச்சு. சம்பல்தான் ஜெயிச்சது, ரொட்டிய வெறுமனே தின்ன முடியாதுல்ல.

அடுத்தது அளவு. 1500 கிராம 30 நாளைக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 50 கிராம், அதுல ஏறக்குறைய 200 கலோரி, 10 கிராம் புரதம். வீட்டுல சாப்பிடுற சோறு ரொட்டி போக, மேலதிகமா இதச் சாப்பிட்டாத்தான் அந்தக் கணக்கு வேல செய்யும். கணக்குப் போட்டவங்க கெட்டிக்காரங்கதான், ஆனா அவங்க கணக்குல பாக்கெட்ட ஒரே ஆள் சாப்பிடுறாங்க. எங்க லயத்துல, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்ல, எந்த வீட்லயும் அப்பிடி நடந்து நான் பார்த்ததில்ல. ஸ்கூல் விட்டு வர்ற மூத்தவனுக்கு ரெண்டு உருண்டை, மாமியாருக்கு ஒரு வாய், மலையில இருந்து தேயிலைக் கொழுந்து எடுத்துட்டு வர்ற ஆளுக்கு சாயத்தண்ணியோட (பால் இல்லாத டீ) கொஞ்சம், மாசம் பாதி வர்றதுக்குள்ள பாக்கெட் காலி. மிட்வைஃப் மிஸ் தராசுல பிள்ளைய வச்சுப் பார்த்துட்டு, குடுத்தத பிள்ளைக்குக் குடுக்கலயா, நீங்களே தின்னுட்டீங்களான்னு ஏசுவாங்க. அவங்க ஏசுறதும் நியாயம்தான். ஆனா பசியோட பார்த்துக்கிட்டு இருக்குற இன்னொரு பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு ஒன்னுக்கு மட்டும் எப்பிடி ஊட்டுறதுன்னு அவங்கதான் சொல்லித் தரணும்.

இது புதுசா வந்த பிரச்சனையும் இல்ல. 2016 சர்வேயிலயே 5 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைங்கள்ல வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க நாடு பூரா 17 சதவீதம், தோட்டப் பகுதியில 32 கிட்ட. அதுக்கு மேலதான் 2022 வந்து விழுந்துச்சு. நாங்க சாப்பிடுறது கோதம்ப மா ரொட்டி, கோதுமை இந்த நாட்டுல விளையிறதே இல்ல, எல்லாம் டாலர் குடுத்து எடுக்குறது. மார்ச் ஆரம்பத்துல 200 ரூபாயா இருந்த டாலர் மே மாசத்துக்குள்ள 360, அந்தப் பக்கம் உக்ரைன் சண்டையில உலகம் பூரா கோதுமை விலை ஏறிக் கிடந்துச்சு, ரெண்டும் சேர்ந்து நூறு ரூபா அளவுல வாங்கின ஒரு கிலோ மா 300 தாண்டிப் போச்சு, 400 கிராம் பால்மா ஆயிரம் தாண்டிப் போச்சு, செப்டம்பர்ல சாப்பாட்டுச் சாமான் விலை முந்தின வருஷத்த விட 94.9 சதவீதம் கூடன்னு அரசாங்கமே கணக்கு சொன்னுச்சு, தோட்டத்து நாள் சம்பளம் மட்டும் 2021ல வந்த அதே 1000 ரூபா, அதுவும் சொன்ன கிலோ கொழுந்து எடுத்தாத்தான் முழுப்பேரு (முழுநாள் சம்பளம்) இல்லாட்டி அரைப்பேருதான். மூணு கிலோ மா வாங்கினா ஒரு நாள் உழைப்பு போச்சு. கடையில பருப்பும் மாவும் இல்லாம இல்ல, அடுக்கித்தான் வச்சிருந்தாங்க, பார்த்துட்டு வரலாம்.

சரி, அந்த நேரத்துக்குத்தானே திரிபோஷா இருக்கு? அந்த நேரம் பார்த்துத்தான் அது தட்டுப்பாடாச்சு. 2021ல ரசாயன உரத்த தடை பண்ணினாங்க, சோள விளைச்சல் படுத்துடுச்சு, வெளியில இருந்து எடுக்க டாலர் இல்ல. கிடைச்ச சோளத்துலயும் அஃப்ளடாக்சின்னு பூஞ்சணத்துல வர்ற நஞ்சு கூடன்னு பிரச்சன வந்து, 6 மாசத்துல இருந்து 3 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்குக் குடுக்குறது நின்னு போச்சு. நஞ்சு கூடன்னா நிறுத்தணும்தான், அதுல எனக்குக் கேள்வி இல்ல. அப்புறம் உலக உணவுத் திட்டம் சோளமும் சோயாவும் கொண்டு வந்து குடுத்தாங்க.

என் பெரிய கம்ப்ளைன்ட் இங்கதான். ஜனங்க கையில காசு பத்தாதப்ப புள்ளத்தாச்சியும் பிள்ளையும் காயக்கூடாதுன்னு செஞ்ச சாமான் இது, ஆனா அதுவும் அதே சோளச் சந்தையையும் அதே டாலரையும் நம்பித்தான் ஓடுது. எங்க வீட்டு மா எதனால விலை ஏறுச்சோ அதே காரணம்தான் பாக்கெட்டையும் நிறுத்துச்சு. நல்ல வருஷத்துல வாங்கி ஒழுங்காக் காய வச்சு ஸ்டோர்ல கொஞ்சம் வச்சிருந்தா நஞ்சுப் பிரச்சனையும் குறையும், கெட்ட வருஷத்துல கையும் கட்டிக்கிட்டு நிக்கத் தேவையில்ல. ராக்கெட் விடுற வேலையா இது?

காசுக்கு வாங்குறவங்களுக்கு சுபோஷான்னு கடையில விக்கிறாங்க. நல்லதுதான், ஆனா கையில காசு இருந்தா நான் முட்டையும் நெத்தலியும் பயறும் வாங்கிட்டுப் போறேன், எனக்கு எதுக்கு பாக்கெட்.

மார்க்குன்னா, சாமானுக்கு 5க்கு 4, கஞ்சிக்காக ஒன்னு கழிச்சாச்சு. நெருக்கடியில நம்பி இருக்கலாமாங்கிறதுக்கு 2. 2024ல நாளுக்கு அடிப்படைச் சம்பளம் 1350 ஆச்சு, மா விலையும் 2022 அளவுக்கு இல்ல, ஆனா பழைய விலைக்கும் வரல, அதனால இப்பவும் இந்தப் பாக்கெட்ட வேணாம்னு சொல்ற நிலைமையில எங்க பக்கம் யாரும் இல்ல. வாங்குறவங்க பிரிச்ச உடனே மூடி இறுக்கமான டப்பாவுல கொட்டி வைங்க, மலைநாட்டு ஈரத்துக்கு ரெண்டு நாள்ல கட்டி கட்டியாயிடும், பாதிப் பாக்கெட்ட கட்டி உடைச்சே போக்க வேண்டி வரும்.